நல்ல வார்த்தை ஆகாத தொண்டை

வெண்ணந்தூர் பச்சமுத்து, பக்கவாதம் வந்த ஏழாவது வாரத்திலிருந்து, தன்னை யாராவது இகழ்ந்து பேசினால் மட்டுமே விழுங்கினார். நல்ல வார்த்தை காதில் விழுந்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். வாயில் இருப்பது வெறும் கஞ்சியானாலும் மூச்சுக்குழாய்ப் பக்கம் போய்விடும், முகம் நீலம் பாய இருமுவார். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ராசிபுரம் சந்தையில் கத்தரிக்காய் இன்றைக்கு என்ன விலை என்று சொல்கிற அதே குரலில்தான் இதையும் சொல்வார்கள்.

அவருக்கு எட்டு விசைத்தறி ஓடுகிற ஒரு பட்டறை இருந்தது. தறி ஓட்டியது வேலைக்காரர்கள். அவர் பார்த்த வேலை, பட்டறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தெருவில் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் பட்டப்பெயர் வைப்பது. காலையில் வைத்த பெயர் பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்க ஒட்டிக்கொள்ளும். பரீட்சையில் இரண்டு முறை தவறிய பெண்ணை 'மறுபடியும்' என்றார். அவள் கல்யாணமாகிப் போன ஊருக்கும் அந்தப் பெயர் பின்னாலேயே போனது. தறி மேஸ்திரி கைலாசம் அவருடைய தறியிலேயே ஒரு விரலின் நுனியைப் பறிகொடுத்தபோது, கட்டுப் பிரிப்பதற்கு முன்பே 'முக்கால்' என்று பெயர் வைத்துவிட்டார். பெயர் வாங்கிக்கொண்டவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அண்ணன் வாய் இருக்கிறதே, அது வாய் என்றார்கள். கைலாசமும் சிரித்தார்.

அவர் மனைவி உண்ணாமலை மோகனூர்க்காரி. பத்தொன்பது வயதில் அந்த வீட்டுக்கு வந்தவள். சோறு ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் உதிர்ந்து விழ வேண்டும் பச்சமுத்துவுக்கு. இரண்டு பருக்கை கட்டிக்கொண்டிருந்தால் தட்டு பறக்கும். சுவரில் அப்பிய சோற்றை அவள் ஈரத்துணியால் துடைத்து எடுப்பாள், வேறு அரிசி களைந்து போடுவாள். முப்பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசியதில்லை. பயம் என்று ஊர் நினைத்தது. பொறுமை என்று சொந்தக்காரர்கள் நினைத்தார்கள். இரண்டும் இல்லை. பதில் சொல்கிற அளவுக்கு அந்த ஆளை அவள் மதிக்கவில்லை, அவ்வளவுதான்.

பங்குனி மாதம் ஒரு காலை, டீ குடித்துக்கொண்டே யாருக்கோ பெயர் வைக்க வாயெடுத்தார். பெயர் வரவில்லை, டீ மட்டும் வலது கடைவாயில் வழிந்தது. சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறிவிட்டது, மூக்கு வழியாகக் குழாய் போட்டுப் பால் ஊற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். குழாயை எடுக்கலாமா என்று பார்க்கச் செவ்வாய்க்கிழமைதோறும் அம்மாபேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் ஆன்சி வந்தாள். விழுங்கப் பழக்கிவிடுவதுதான் அவள் தொழில். ஆளை நேராக நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தச் சொல்ல வேண்டும், ஒரு வாய் இறங்கினது தெரிந்த பிறகே அடுத்த வாய், சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் சாய்க்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். தண்ணீர்தான் எல்லாவற்றையும்விட மோசம் என்றாள். அது ஓடிவிடும், அதைக் கெட்டிப்படுத்தித்தான் கொடுக்க வேண்டும். ரசம் சாதம் கூடாது, பழைய சோறு கூடாது, நீரும் பருக்கையும் தனித்தனியாக நிற்கிற எதுவும் கூடாது. களி ஒட்டிக்கொள்ளும், ஆகாது. கரண்டியைச் சாய்த்தால் ஒரே உருண்டையாக நழுவி விழ வேண்டும், கரண்டியில் மிச்சம் ஒட்டக் கூடாது, அதுதான் பதம்.

உண்ணாமலை இரண்டே நாளில் அந்தப் பதத்தைப் பிடித்தாள். அரிசிம்பருப்பை நாலு பங்கு தண்ணீரில் வேகவைத்து, மத்தால் கடைந்து, சல்லடையில் தேய்த்து இறக்குவாள். பச்சைப்பயறு கடைந்ததில் தோல் ஒன்றுகூட இருக்காது. ரசத்தில் கூவைக்கிழங்கு மாவைக் கரைத்து ஊற்றிக் கூழாக்கிவிடுவாள். இட்லியைப் பாலில் ஊறவைத்து நெய் விட்டு மசிப்பாள். ஆனால் எதுவும் இறங்கவில்லை. ஆன்சி, நல்லா பண்றீங்க அய்யா என்று ஊக்கப்படுத்தினாள், இருமினார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள், சிங்கம் மாதிரி இருந்த மனுசன் என்று கட்டிலைச் சுற்றி நின்று உருகினார்கள். அவர்கள் உருக உருக அவர் கண் பிதுங்க இருமினார்.

ஏழாவது வாரம், ஒரு புதன்கிழமை மத்தியானம். நாலாவது தடவையாக மேல்துண்டை மாற்றிக் கட்டிவிட்டு, கிண்ணத்தில் கரண்டியைக் குத்தி வைத்து, உண்ணாமலை கோபமே இல்லாமல் சொன்னாள்:

"சோறு கொழைஞ்சா தட்டை எறிஞ்சீங்களே, இப்ப கொழைச்சதைக்கூட முழுங்க வக்கில்லாமப் போச்சுங்களே உங்களுக்கு."

பச்சமுத்துவின் குரல்வளை மேலே ஏறி இறங்கியது. ஒரு வாய் உள்ளே போயிற்று. இருமல் இல்லை. அடுத்த வாய்க்கு, முழுங்குங்க சாமி என்றாள், இருமினார். அதற்கடுத்த வாய்க்கு, நாயைக் கண்டால் ஊரைச் சுற்றிக்கொண்டு போகிற ஆள்தானே நீங்கள் என்றாள், இறங்கியது. அன்றைக்கு ஒரு கிண்ணம் முழுக்க அப்படியே போயிற்று.

செவ்வாய்க்கிழமை ஆன்சி வந்து, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டு நிதானமாகச் சோதித்தாள். உண்ணாமலையிடம், திருடன் என்று ஒரு தடவை சொல்லிப் பார்க்கச் சொன்னாள். பச்சமுத்து யார் வீட்டிலும் எதையும் எடுத்தவரில்லை, அடைத்துக்கொண்டது. ஆக, சொல்வது உண்மையாக இருக்க வேண்டும். போன வாரம் சொன்னதையே மறுபடி சொன்னபோதும் அடைத்துக்கொண்டது. ஆக, புதிதாக இருக்க வேண்டும். சிலருக்குச் சூடு, சிலருக்குக் குளிர்ச்சி, இவருக்கு இது என்று சொல்லிவிட்டு ஆன்சி மூக்குக் குழாயை உருவி எடுத்தாள். தன் நோட்டில், மசித்த உணவு, மூன்று வேளை, இகழ்ச்சியுடன் என்று எழுதிக்கொண்டாள்.

உண்ணாமலையிடம் சரக்குக்குக் குறைவில்லை. படிக்கத் தெரியாத ஆங்கிலப் பேப்பரைப் பதினோரு வருடம் வரவழைத்து, படம் மட்டும் பார்த்து மடித்து வைத்தது. மருமகளின் கண் மையை எடுத்து மீசைக்குப் பூசியது. வார்டு தேர்தலில் நின்று, பதினான்கு ஓட்டு உள்ள குடும்பத்தை வைத்துக்கொண்டு பதினோரு ஓட்டு வாங்கியது. அந்த மூன்று பேர் யார் என்று இரண்டு வருடம் தேடியது. அந்த மூன்றில் ஒன்று தன்னுடையது என்பதையும் ஒரு வாய் கீரைக் கடைசலுக்குச் சொன்னாள். எல்லாவற்றையும் மரியாதை குறையாமல் 'ங்க' போட்டுத்தான் சொன்னாள். பச்சமுத்து கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினார். ஆவணி பிறக்கும்போது நாலு கிலோ ஏறியிருந்தார்.

விஷயம் பரவியதும் ஊர் வரத் தொடங்கியது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. ஆளுக்கொரு உண்மை, ஆளுக்கொரு கரண்டி. 'மறுபடியும்' சேந்தமங்கலத்திலிருந்து புருஷனோடு வந்து ஒரு வாழைப்பழ மசியல் முழுவதையும் ஒற்றை ஆளாக ஊட்டிவிட்டுப் போனாள். அந்த வருடம் வெண்ணந்தூர் டீக்கடைகளில் சண்டை குறைந்தது என்று சொல்வார்கள். இருந்த வெறுப்பெல்லாம் பச்சமுத்து வீட்டில் செலவாகிவிட்டது. வந்தவர்களில் பாதிப் பேர் பொய்யைக் கொண்டுவந்தார்கள். அந்த ஆள் செய்யாத பாவத்தைக்கூட அவர் தலையில் கட்டப் பார்த்தார்கள், அவருக்குப் புரை ஏறியது. அதனால் உண்ணாமலை ஒரு முறை வைத்தாள்: முதலில் அடுக்களைக்கு வந்து தன்னிடம் சொல்ல வேண்டும், அவள் தலையாட்டினால்தான் கரண்டி.

அப்படி அடுக்களையில் நின்று கேட்கக் கேட்க, அவளுக்குப் புருஷன் மேல் இருந்த இளக்காரம் மெல்ல ஊர் மேலும் படர்ந்தது. மிகக் கூரான உண்மைகளைக் கொண்டுவந்தவர்கள், அன்றைக்கு மிகப் பலமாகச் சிரித்தவர்கள்தான். கைலாசம் நாள் தவறாமல் வந்தார். விரல் போனபோது பச்சமுத்து ஆஸ்பத்திரிக்குக்கூட வராமல், தறி நின்றுபோனதற்குத்தான் வருத்தப்பட்டார் என்பதை அவர் ஒரு கரண்டி பயறுக்கு எடுத்து வந்தபோது, உண்ணாமலை அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினாள்.

"இதை அன்னைக்கே அவரு மூஞ்சிக்கு நேராச் சொல்லியிருந்தா, கொஞ்சமாச்சும் மனுசனாயிருப்பாருங்களே. நீங்கெல்லாம் சிரிச்சுச் சிரிச்சுத்தான் வளத்தியுட்டீங்க."

நீங்களும் சொல்லலையேம்மா என்றார் கைலாசம். அதுவும் உண்மைதான் என்று அவள் நினைத்தாள். தலையாட்டினாள். அவர் போய் ஊட்டினார்.

மகன் சிவபிரகாஷ் ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்தான். தீபாவளிக்கு வந்தபோது புது மிக்ஸியும், தண்ணீரைக் கெட்டியாக்குகிற வெளிநாட்டுத் தூள் டப்பா ஆறும் கொண்டுவந்தான். இந்தத் திட்டுகிற ஏற்பாடு அவனுக்குப் பிடிக்கவில்லை. அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து, கேசரியைக் குழைத்து எடுத்துக்கொண்டு, அப்பா, எங்களுக்கு நீங்கதான் தெய்வம் என்று கண் கலங்க ஒரு வாய் ஊட்டினான். பச்சமுத்து நுரையீரலில் சளி கட்டி எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் திரும்பி வந்ததும் உண்ணாமலை சிவபிரகாஷுக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தாள். அவன் கரண்டியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்து, அப்பா நீங்க கொஞ்சம் கோவக்காரர் என்றான். அரைக் கரண்டிதான் இறங்கியது. மீதி அரை, கடைவாயில் நின்றது.

"பெத்தவரைத் திட்டறது பாவம்மா," என்றான்.

"அப்ப நீ திட்டாதே சாமி. ஊட்டவும் ஊட்டாதே," என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

மூன்றாவது வருடம் சரக்கு தீரத் தொடங்கியது. ஊர்க்காரர்கள் தங்களிடம் இருந்ததைச் சொல்லி முடித்து, வருவதை நிறுத்தினார்கள். கைலாசம் மட்டும் பழக்கத்தில் வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார். ஒருநாள், தன்னிடம் இனி ஒன்றுமில்லை, உள்ளே துழாவினால் காலியாக இருக்கிறது என்று சொன்னார். உண்ணாமலையும் ஒரு வேளைக்கு மூன்று உண்மை என்று சிக்கனமாக்கினாள், பிறகு இரண்டு. படுத்தே கிடக்கிறவரால் புதிதாக ஒரு கெட்டதும் செய்ய முடியவில்லை. முன்கோபத்தில் கரண்டியைத் தட்டிவிடுகிறாரா என்று பார்த்தாள். அதற்குக்கூட இடது கையில் தெம்பில்லை. காலர் எலும்பு துருத்திக்கொண்டு வந்தது. வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைத்துவிடலாம், தவறில்லை என்றாள் ஆன்சி. வைத்துவிடுங்கள் என்று சிவபிரகாஷ் போனில் சொன்னான். பச்சமுத்து தலையை இடமும் வலமும் ஆட்டினார். அவருக்கு வாயால் சாப்பிட வேண்டும். அந்த ஆசை மட்டும் அந்த உடம்பில் கெடாமல் இருந்தது.

அப்போதுதான் அவரே எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். ஒண்ணு இருக்கு என்பார், குழறலாக. மூச்சு வாங்கிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் தான் செய்த அற்பத்தனம் ஒன்றைச் சொல்வார். பக்கத்து வீட்டு மாடியில் காய்ந்த வடாமில் வேண்டுமென்றே குழாய்த் தண்ணீரைத் திருப்பிவிட்டது. ஒரு பெண்ணின் சம்பந்தத்தைக் கெடுக்கத் தபால் அட்டை போட்டது. உண்ணாமலை அதை வாங்கி, தன் வாயால் இகழ்ச்சியாகத் திருப்பிச் சொல்லி ஊட்டுவாள். சாப்பிடுவதற்காகப் பாவத்தைச் சொல்கிற மனிதனை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. கோவிலில் சொல்லத் தோன்றவில்லை, சாகப்போகிறோம் என்றபோது சொல்லத் தோன்றவில்லை, பயறு கடைசலுக்குத் தோன்றுகிறது என்று நினைத்து, அந்த நினைப்பையே ஒரு வாய்க்குப் பயன்படுத்திக்கொண்டாள்.

தை மாதம், ஒரு காலை பத்து மணிக்கு, பச்சமுத்து ஒண்ணு இருக்கு என்றார். பிறகு சொன்னார்: "ஜீவா வந்தான். வாசலுக்கு. உங்கம்மா... உன்னையக் கேக்குதுன்னு."

ஜீவானந்தம் அவள் தம்பி. இருபத்தேழு வருடமாக அவள் அவனோடு பேசுவதில்லை. அவள் அம்மா செத்துப்போன சேதி மறுநாள்தான் அவளுக்கு வந்தது. மோகனூர் போய் இறங்கியபோது தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். உன் பொறந்த வீட்டில் உன்னைக் கூப்பிடக்கூட யாருக்கும் தோணவில்லை பார் என்று பச்சமுத்து அன்றைக்குச் சொன்னார். அவள் நம்பினாள். அக்காவும் தம்பியும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். இருவருக்கும் ரோசம், கேட்கவில்லை. நடந்தது இதுதான்: அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது என்று ஜீவானந்தம் முந்தின நாளே மொபெட்டில் வந்து நின்றிருக்கிறான். அன்றைக்குப் பச்சமுத்து தறி முதலாளிகள் நாலு பேரை விருந்துக்கு அழைத்திருந்தார், அடுப்பில் நாட்டுக்கோழி. வாசலிலேயே மறித்து, உங்க வீட்டுச் சாவுக்கெல்லாம் வர நேரமில்லை என்று உன் அக்கா சொல்லச் சொன்னாள் என்று திருப்பி அனுப்பிவிட்டு, உள்ளே வந்து, மசாலா இன்னும் அரைத்தாகவில்லையா என்று கேட்டிருக்கிறார்.

சொல்லி முடித்துவிட்டுப் பச்சமுத்து வாயைத் திறந்தார், ஊட்டுவாள் என்று.

உண்ணாமலை கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். அடுப்பை அணைத்தாள். கைலாசத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, கட்டியிருந்த சேலையோடு பஸ் ஏறினாள். ராசிபுரம், நாமக்கல், மோகனூர் என்று மூன்று பஸ். கரும்புக்காட்டை ஒட்டிய வீட்டு வாசலில் அவள் போய் நின்றபோது ஜீவானந்தம் மண்வெட்டிக்குப் பிடி மாற்றிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. அவள் உட்காராமலே சொன்னாள், நீ வந்து கூப்பிட்டது எனக்கு இன்றைக்குக் காலையில்தான் தெரியும் என்று.

அவன் மண்வெட்டியைக் கீழே வைத்தான். "நேரமில்லைன்னு நீ சொல்லியுட்டதா அவரு சொன்னாரு," என்றான்.

"அம்மா கேட்டுதா?"

"வாசலையே பாத்துட்டுக் கெடந்துச்சுக்கா. கடைசி வரைக்கும்."

இரண்டு நாள் அங்கே இருந்தாள். தம்பி பெண்டாட்டி தட்டு நிறைய வைத்ததையெல்லாம் சாப்பிட்டாள். மூன்று வருடமாக அவள் சாப்பிட்டது, பச்சமுத்து கிண்ணத்தில் மிச்சம் வைத்த கூழைத்தான். கடிக்கிற பழக்கமே பல்லுக்கு விட்டுப்போயிருந்தது. தம்பி வெட்டிக் கொடுத்த கரும்பை வரப்பில் உட்கார்ந்து பல்லாலேயே தோல் உரித்து, கணு கணுவாக ஒடித்து, சாறு முழங்கைக்கு வழிய மென்று துப்பினாள். தாடை விண்விண்ணென்று வலித்தது. வலிக்க வலிக்க இன்னொரு கரும்பு கேட்டாள். மென்றுகொண்டே அழுதாள், தம்பி பக்கத்தில் உட்கார்ந்து சக்கையைப் பொறுக்கிக் குவித்தான்.

வெண்ணந்தூரில் கைலாசம் காலையும் மாலையும் கரண்டியோடு போராடினார். ஒரு சொட்டு இறங்கவில்லை. ஈரத்துணியால் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலை உண்ணாமலை மோகனூரிலிருந்து புறப்பட்டபோது ஜீவானந்தம் மறித்தான். எதற்குப் போக வேண்டும், கிடக்கட்டும், யாரும் உன்னை ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்றான்.

"பட்டினி போட்டுக் கொன்னா, அந்தாளு அளவுக்கு நானும் எறங்கிப்போன மாதிரி," என்றாள். "எனக்கு ஆகாது சாமி."

வீட்டுக்கு வந்து கை கழுவினாள். அரிசிம்பருப்பை வைத்து, கடைந்து, சல்லடையில் தேய்த்தாள். கரண்டியைச் சாய்த்துப் பதம் பார்த்தாள். பச்சமுத்துவை நிமிர்த்தி உட்கார வைத்து, தலையணையை முட்டுக் கொடுத்து, தாடையைத் தாழ்த்தினாள். உதடு வெடித்திருந்தது, கண் உள்ளே போயிருந்தது. பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்த வசவுகள் நூறு இருந்தன. எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"எங்கம்மா வாசலைப் பாத்துட்டுக் கெடந்துச்சு. நீ கோழிக்கு மசாலா அரைக்கலையான்னே. அவ்வளவுதான் நீ."

கிண்ணம் முழுவதும் இறங்கியது. நடுவில் வேறு ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை. இராச் சாப்பாட்டுக்கு அவளிடம் புதிதாக எதுவும் இல்லாததால் அதையே சொன்னாள், இறங்கியது. மறுநாள் காலையும் இறங்கியது. மற்ற உண்மைகளெல்லாம் ஒரு வாயோடு தீர்ந்தவை, இது மட்டும் தீரவில்லை. செவ்வாய்க்கிழமை ஆன்சி வந்து கழுத்தில் வைத்துக் கேட்டுவிட்டு, புதிதாக இருக்க வேண்டும் என்ற விதியை நோட்டில் அடித்துவிட்டாள். ஒவ்வொரு வாய்க்கும் பச்சமுத்துவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பக்கவாதம் வந்தவர்களுக்குக் கண்ணில் நீர் கோர்ப்பது சகஜம்தான் என்றாள் ஆன்சி. உண்ணாமலை அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டாள். வேறு விளக்கம் அவளுக்குத் தேவைப்படவில்லை.

மாசியில் எடை ஏறத் தொடங்கியது, வைகாசியில் அறுபத்தொரு கிலோ. வாக்கியமும் நாளாக நாளாகத் தேய்ந்து சுருங்கி, இப்போது கோழி என்ற ஒரு சொல்லே போதும். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அவள் மோகனூர் போய்விடுவாள். அன்றைக்குக் கைலாசம் வந்து அந்தச் சொல்லைச் சொல்லி ஊட்டுவார். அவர் சொன்னால் கொஞ்சம் மெதுவாக இறங்கும், ஆனால் இறங்கும். மன்னித்துவிட்டாயா என்று சிவபிரகாஷ் ஒருமுறை போனில் கேட்டான். சோறு வேகுது, வைக்கட்டுமா என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாள்.

போன ஐப்பசியில் பட்டணத்துச் சொந்தக்காரர்கள், புருஷனும் பெண்டாட்டியும், மகள் கல்யாணத்துக்கு அழைக்கத் தாம்பாளத்தோடு வந்தார்கள். மத்தியானச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல், சுவரோரம் ஒதுங்கி வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். கரண்டி கிண்ணத்தில் தட்டுகிற சத்தமும், இடையிடையே கோழி என்ற சொல்லும் கேட்டுக்கொண்டிருந்தன. கிண்ணம் காலியாகி, உண்ணாமலை அவர் வாயைத் துடைத்துக் கடைவாயில் எதுவும் தங்கியிருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்த பிறகு, அந்தப் பெண் தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"ஏனுங்க அத்தை, இப்ப நல்ல வார்த்தை பேசலாங்களா?"

உண்ணாமலை சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"அரை மணி நேரம் போகட்டும். சாச்சுப் படுக்க வெச்சர்றேன், அப்பறம் பேசுங்க," என்றாள்.

அவர்கள் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.